கயிற்று ஆபீஸ்

அங்கப்பன் திரியைப் பற்ற வைத்தபோது மணி பதினொன்று பத்து. கயிற்று ஆபீஸ் ஒரு மணி வரைக்கும் திறந்திருக்கும் என்பதால் அவன் பதறவில்லை.

கிணறு நூற்றுப் பத்தடி. அடியில் கரும்பாறை. பாறையில் ஏழு துளை போட்டு, ஏழிலும் வெடிமருந்து இடித்து, ஏழையும் ஒரே திரியில் சேர்த்திருந்தான். இனி அவனுக்கு ஒரே வேலைதான் பாக்கி. கயிற்றை மூன்று தரம் இழுக்க வேண்டும். மூன்று இழுப்பு என்றால், பற்ற வைத்தாயிற்று, என்னை மேலே தூக்கு என்று அர்த்தம். மேலே கிரேனில் உட்கார்ந்திருக்கிற செங்கோடன் பதிலுக்கு மூன்று இழுப்பு இழுப்பார். கிரேன் சுற்றும். வாளி ஏறும். வாளிக்குள் நிற்கிற அங்கப்பனும் ஏறுவான். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

மூன்று தரம் இழுத்தான்.

கிரேன் சுற்றவில்லை. கயிற்றில் கோத்த ஒரு சீட்டு சரசரவென்று இறங்கி வந்தது. அங்கப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'தங்கள் மூன்று இழுப்பும் கிடைத்தன. அர்த்தம் கிடைக்கவில்லை. அர்த்தத்தையும் சேர்த்து அனுப்பவும்.'

திரி பதினாறு விரற்கடை நீளம் இருந்தது. பதினைந்தாயிற்று.

முன்பெல்லாம் திரி நேரத்துக்கு எரியும். இது புது வகைத் திரி. சொல்ல வந்தது போய்ச் சேராமல் திரும்பி வந்தால் ஒரு விரற்கடை எரியும். சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் எரியும். சும்மா இருப்பதும் போய்ச் சேராத சேதிதான் என்று எங்கேயோ உட்கார்ந்து யாரோ முடிவு பண்ணியிருந்தார்கள். மிதித்தால் அணையாது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் நன்றாக எரியும். பிடுங்கினால் அந்த நிமிஷமே வெடிக்கும். நல்ல திரி என்று பெயர் வாங்கியிருந்தது.

மறுபடி மூன்று தரம் இழுத்தான். இந்தத் தரம் கொஞ்சம் கோபமாக இழுத்தான்.

மறுபடி சீட்டு வந்தது. 'மேற்படி விஷயத்தில் ஏற்கனவே பதில் அளிக்கப்பட்டுள்ளது.'

பதினான்கு.

அங்கப்பன் வாளியைப் பார்த்தான். "ஏம்ப்பா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?" என்றான்.

"எனக்கு இன்னும் பயிற்சி முடியலீங்க," என்றது வாளி.

அங்கேதான் சிக்கல். அங்கப்பனுக்கும் செங்கோடனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. செங்கோடன் வேறு யாரோ இல்லை, அங்கப்பனுடைய சம்சாரம் பூவாயியின் கூடப் பிறந்த அண்ணன். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் வேலை ஓடியது. பேச வேண்டியதை வாளியிடம் பேசுவார்கள். "வாளி, வெத்தல தீந்து போச்சுன்னு சொல்லிரு," என்பான் அங்கப்பன். வாளி மேலே போகும். "வாளி, இருக்கறதே ரெண்டு வெத்தல, அதுல ஒண்ணத் தாரேன்னு சொல்லு," என்பார் செங்கோடன். வாளி கீழே வரும். கயிறு இழுப்பதன் அர்த்தத்தையும் அந்த வாளிதான் சுமந்து போனது. நல்ல வாளி. ஒரு சொல் சிந்தாது. போன வாரம் அதற்கு உத்தியோக உயர்வு வந்து தாலுகாவுக்குப் போய்விட்டது. இப்போது வந்திருக்கிற வாளி வெளி மாவட்டம். கல் சுமக்கும். மண் சுமக்கும். அர்த்தம் கேட்டால் முழிக்கும்.

அண்ணாந்து கத்திப் பார்த்தான் அங்கப்பன். "ஓய்ய்!"

கத்தல் அறுபதடி போய், நாலாக மடிந்து, அவன் காலடியில் வந்து விழுந்தது. அதன் மேல் 'பெறுநர் பெயர் இல்லை' என்று முத்திரை குத்தியிருந்தது.

பதின்மூன்று.

"நல்ல பொழப்பு," என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் படியேறினான்.

கயிற்று ஆபீஸ் கிணற்றின் பாதியில், சுவரைக் குடைந்த பொந்தில் இருந்தது. அது வரைக்கும் படி உண்டு. அதற்கு மேல் படி வேறு இலாகா. ஏறத் தொடங்கும்போது முப்பது படி. பாதி ஏறியதும் எண்பது படி. அது வழக்கந்தான் என்பதால் அங்கப்பன் எண்ணாமல் ஏறினான்.

கம்பி போட்ட ஜன்னல். அதற்கு மேலே ஒரு கரும்பலகை. 'இன்றைய திரி: 13 விரற்கடை' என்று சாக்கட்டியில் எழுதியிருந்தது. ஜன்னலுக்கு உள்ளே திலகவதி மேடம் உட்கார்ந்திருந்தாள். கிணற்றுக் கயிறு மேலிருந்து வந்து, அவள் மேஜையில் ஒரு ஓட்டை வழியாக நுழைந்து, தரை வழியாகக் கீழே போனது. அவள் கயிற்றின் மேல் ஒரு விரலை வைத்திருந்தாள். மறு கையால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பொந்தின் மூலையில் ஒரு ஆள் தகரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். டங். டங். டங்.

"மேடம், திரி பத்த வெச்சுட்டனுங்க," என்றான் அங்கப்பன்.

"என்ன?"

"திரி!"

"கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா. இங்க சத்தமா இருக்குதில்ல."

"திரி பத்த வெச்சுட்டேன்! மேல போகோணும்!"

"அனுப்புநர் யாரு?"

"நாந்தானுங்க."

"நான்னு ஒருத்தரும் இந்தக் கிணத்துல பதிவாகல."

"அங்கப்பனுங்க."

எழுதிக்கொண்டாள். "பெறுநர்?"

"மேல இருக்கறவருங்க."

"பேரு?"

அங்கப்பன் காலை மாற்றி நின்றான். "அந்தப் பேரச் சொல்லி மூணு வருஷமாச்சுங்க."

"உறவு?"

"என்ற சம்சாரத்தோட அண்ணனுங்க."

"அப்ப மச்சான்."

"நீங்க சொல்லிக்கலாமுங்க. நான் சொல்றதில்லீங்க."

திலகவதி மேடம் சாப்பிடுவதை நிறுத்தினாள். பேனாவை மூடினாள். "பேச்சுவார்த்தை இல்லையா?"

"இல்லீங்க."

"அத மொதல்லயே சொல்றதில்லையா? பேச்சுவார்த்தை இல்லாத எடத்துல இழுப்பு மட்டுந்தான் போகும். அர்த்தம் இங்கயே நின்னுரும். பின்னால பாரு."

அவள் பின்னால் சாக்கு மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் அங்கப்பனின் பெயர் இருந்தது. வாளி சொன்ன சேதியெல்லாம் போயிருக்கிறதே, இவை என்ன என்று கேட்டான்.

"வாளிகிட்ட நீ சொல்லாததுப்பா. சொல்ல வந்து முழுங்குனது. இங்கதான வந்து சேரும்? எனக்குக் கால நீட்ட எடமில்ல."

அங்கப்பன் மூட்டைகளைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தான். இன்னும் பதின்மூன்று. "என்ன பண்ணோணுமுங்க? சீக்கிரம் சொல்லுங்க."

அவள் எழுந்து போய் அடி மூட்டையைக் காலால் தள்ளி, அதற்கும் கீழே நசுங்கிக் கிடந்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். தூசி தட்டினாள். "இதுதான் அடைப்பு. இதுதான் மொதல்ல நின்னது. இது போனாத்தான் மத்தது போகும்."

பொட்டலத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'வாங்க.'

அங்கப்பனுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "இத நான் அன்னிக்கே சொல்லிட்டனுங்க!"

நடந்தது இதுதான். மகள் காதுகுத்துக்கு செங்கோடன் தாய்மாமன் சீரோடு வந்தார். தட்டு ஒன்பது. ஒரு கிடாய். பந்தல் வாசலில் நின்று, கூப்பிடட்டும் என்று பார்த்தார். அங்கப்பன் ஏணி மேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். சணலைப் பல்லில் கடித்திருந்தான். அந்தச் சணலோடு 'வாங்க' என்றான். பக்கத்தில் குழாய் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. செங்கோடன் அரை நாழிகை நின்றார். சீரை இறக்கி வைத்தார். கை நனைக்காமல் ஊர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் இரண்டு பேரும் ஒரே கிணற்றுக்கு வேலைக்கு வந்தார்கள். ஒருவர் மேலே, ஒருவன் கீழே.

"நான் சொன்னேன். அவருக்குக் கேக்கல. அது என்ற தப்புங்களா?" என்றான் அங்கப்பன்.

"கேக்காத வரைக்கும் நீ சொல்லவே இல்ல," என்றாள் திலகவதி மேடம். "ஆபீஸ் விதி."

"இது அநியாயமுங்க, அக்குறும்புங்க."

"என்ன?"

டங். டங்.

"ஒண்ணுமில்லீங்க!"

அங்கப்பன் தகரம் அடிக்கிற ஆளிடம் போனான். "ஏனுங், இத செத்த நிறுத்துனா என்ன?"

"முடியாதுங்க," என்றான் அந்த ஆள். "நான் இரைச்சல். பேரு பச்சமுத்து. இருபத்தோரு வருசம் சர்வீஸ்."

"இதுக்குன்னு ஒரு ஆளா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? ரெண்டு பேரு பேசுனா நடுவுல நான் இருந்தே ஆகோணும். பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். அப்புறம் ஒரு கல்யாண மண்டபம். உங்கூட்டுக் காதுகுத்துக்கும் நாந்தான் வந்தேன். நல்லா கவனிச்சீங்க, ரெண்டு தரம் பாயாசம்."

அங்கப்பனுக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான். "எப்பத்தான் நிறுத்துவீங்க?"

"டீ குடிக்கறப்போ நிறுத்துவனுங்க. ஒரு கையில டம்ளரு, ஒரு கையில சுத்தி, முடியாதில்ல? ஆனா டீ மேலருந்து வரோணும்."

அங்கப்பன் திரும்பி ஜன்னலுக்கு ஓடினான். டீக்கடைக்காரனுக்கு ஒரு இழுப்பு போட்டான். டீக்கடை கிணற்று மேட்டிலேயே இருக்கிறது. டீக்கடைக்காரனோடு அங்கப்பனுக்குப் பேச்சுவார்த்தை உண்டு. இழுத்த கை கீழே இறங்குவதற்குள் தூக்குப்போசியில் டீ வந்துவிட்டது. சர்க்கரை தூக்கலாக. அங்கப்பனுக்குப் பிடித்த மாதிரி.

அங்கப்பன் டீயைப் பார்த்தபடி நின்றான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "மேடம், டீக்கடைக்காரர்கிட்டயே சொல்லி விட்டர்றேன். அவரு கிரேன்ல இருக்கறவர்கிட்டச் சொல்லட்டும்."

"உன் இஷ்டம்," என்றாள் அவள். "அடுத்தவர் மூலமா அனுப்புனா திரி ரெண்டு விரக்கடை பிடிக்கும், தெரியுமில்ல?"

"பிடிக்கட்டும்."

அனுப்பினான். பச்சமுத்து டம்ளரில் ஊற்றி ஆற்றுவதற்குள் பதில் வந்தது. டீக்கடைக்காரன் எழுதியிருந்தான். 'சொன்னேன். சொல்லி அனுப்புனா எந்திரிச்சு ஓடி வர்றதுக்கு நான் என்ன அவரு பண்ணையத்து ஆளான்னு கேக்கறாரு. அவரே வாயைத் திறந்து சொல்லட்டும்னு சொல்லச் சொன்னாரு. டம்ளரைத் திருப்பி அனுப்பவும்.'

திலகவதி மேடம் எழுந்து வந்து, கரும்பலகையில் அழித்து, பதினொன்று என்று எழுதினாள். கையெழுத்து அழகாக இருந்தது.

பச்சமுத்து டீ குடிக்க ஆரம்பித்தான். தகரம் ஓய்ந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கிணற்றில் சத்தம் இல்லை. கீழே ஊற்றுக்கண்ணில் தண்ணீர் கசிகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் திரியின் உஸ்ஸ்.

"இப்பச் சொல்லு," என்றாள் திலகவதி மேடம். கயிற்றைத் தூக்கி அவன் வாயருகே பிடித்தாள். கயிறு நனைந்த நாய் மாதிரி நாறியது. "அவரு அந்தப் பக்கம் காதுல வெச்சிருக்காரு. மூணு வருசமா அப்படித்தான் வெச்சிருக்காரு."

அங்கப்பன் தொண்டையைச் செருமினான்.

"ஏங்க," என்றான்.

சீட்டு வந்தது. 'யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று தெரியவில்லை.'

பத்து.

"திரி பத்த வெச்சாச்சு."

சீட்டு வந்தது. 'தகவலுக்கு நன்றி.'

"தகவலுக்கு நன்றியா? அவ்வளவுதானா?"

"தகவல் அனுப்புனா தகவலுக்குத்தான் நன்றி சொல்வாங்க," என்றாள் மேடம். எட்டு என்று எழுதினாள்.

"எட்டா? ஒண்ணு எரிஞ்சா ஒம்போது தான வரோணும்?"

"நன்றின்னு வந்தா ரெண்டு எரியும். நன்றி வாங்கிட்டுத் திரும்பற சேதிக்கு மனசு ஒடஞ்சிருமில்ல?"

அங்கப்பனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். "யோவ்! மனுசன் செத்துருவேன்யா! கிரேனச் சுத்துய்யா!"

கயிறு தீய்ந்த வாடை அடித்தது. பதில் சீட்டே வரவில்லை. அவன் கத்தினதே திரும்பி வந்து அவன் காதில் ஓங்கி விழுந்தது. பச்சமுத்து டம்ளரை இறக்கி, "நல்ல சத்தமுங்க. எங்க வேலைக்கு வந்தர்றீங்களா?" என்றான்.

அதட்டலுக்கு மூன்று எரியும் போலிருக்கிறது, கரும்பலகை ஐந்து என்றது.

டம்ளரில் பாதி டீ இருந்தது.

"மேடம்," என்றான் அங்கப்பன். குரல் இறங்கிவிட்டது. "அந்தச் சொல்லத்தான் சொல்லோணுமுங்களா?"

"ஆமா."

"அதச் சொன்னா நான் தோத்த மாதிரி ஆயிருமில்லீங்க?"

"அதெல்லாம் இந்த ஜன்னல்ல வராது. எந்தக் குரல்ல அனுப்பற? கடமைக்குக் கூப்படறதுன்னா இந்தப் பக்கம் கையெழுத்து. ஆசையாக் கூப்படறதுன்னா அந்தப் பக்கம்."

"ரெண்டுக்கும் என்னுங்க வித்தியாசம்?"

"கடமைக்குக் கூப்பிட்டது பாதி தூரத்துல வாடிரும். அப்புறம் அதுக்கு நாங்க ஒரு பெட்டிசன் போடோணும்."

அங்கப்பன் நடந்ததை யோசித்தான். அன்றைக்கு ஏணி மேலிருந்து பார்த்தபோது, செங்கோடன் புதுத் துண்டு போட்டிருந்தார். கிடாய் கழுத்தில் சம்பங்கி மாலை இருந்தது. கிடாய் அந்த மாலையைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அங்கப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சணல் வாயில் இருந்ததால் சிரிக்க முடியவில்லை. அந்தச் சிரிப்போடுதான் வாங்க என்றான். கடமைக்கு இல்லை.

அந்தப் பக்கம் கையெழுத்துப் போட்டான். கயிற்றில் வாயை வைத்தான்.

"வாங்க மச்சான்," என்றான்.

சொல் கயிற்றில் ஏறியது. ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது. கம்பளிப்பூச்சி ஏறுகிற மாதிரி கயிறு ஓரிடத்தில் புடைத்து, அந்தப் புடைப்பு மெதுவாக மேலே நகர்ந்தது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஐம்பதடி போனது. கிணற்றின் வாய் இன்னும் மேலே விலகியது. புடைப்பும் விடாமல் போனது. அப்புறம் வெளிச்சத்தில் கலந்து மறைந்தது.

திலகவதி மேடம் கரும்பலகையைப் பார்த்தாள். ஐந்து, ஐந்தாகவே இருந்தது. "போய்ச் சேந்துருச்சு," என்றாள். பதிவேட்டில் முத்திரை குத்தினாள். அவள் பின்னால் இருந்த மூட்டைகள் ஒவ்வொன்றாக வாய் அவிழ்ந்து, தாமாகவே கயிற்றில் ஏறிப் போகத் தொடங்கின. மூன்று இழுப்பின் அர்த்தமும் அதில் போனதை அங்கப்பன் கண்ணால் பார்த்தான். இரண்டு தரம் இழுத்ததால் இரண்டு அர்த்தம் போனது.

அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது. வாளி கீழே நிற்கிறது. ஓடிப் போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

கிரேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

அங்கப்பன் எட்டிப் பார்த்தான். கீழே கிடந்த வாளி ஆள் இல்லாமல் ஏறி வந்து, ஆபீசைத் தாண்டி, "வணக்கமுங்க," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டது.

"டேய்! நில்லுடா!" என்று கத்தினான் அங்கப்பன்.

"மேல கூப்படறாங்க!" என்றது வாளி.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வாளி இறங்கி வந்தது. அதற்குள் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. முகம் கழுவி விபூதி. ஒரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மற்ற கையில் பூவாயிக்கு ஒரு முழம் பூ.

செங்கோடன்.

"கூப்ட்டீங்களாமா மாப்ளே," என்றார் செங்கோடன். "இப்பத்தான் கேட்டுது. வந்துட்டேன்."

அங்கப்பன் அண்ணாந்து மேலே பார்த்தான். "மச்சான், கிரேன்ல யாருங்க இருக்கறாங்க?"

"ஆரும் இல்ல. அதுவா சுத்தி, அதுவா நின்னுக்கும். வாங்கன்னு ஒரு வார்த்தை வந்ததுக்கப்புறம் அங்கயே குத்த வெச்சு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? மனுசனுக்கு மரியாதன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"மேல தூக்கறதுக்குத்தான் மச்சான் கூப்ட்டேன்!"

"அதென்ன மாப்ளே, மேல தூக்கறதுக்கு ஆராச்சும் வாங்கன்னு கூப்படுவாங்களா? நீங்க என்னைய காதுகுத்துக்குத்தான் கூப்ட்டீங்க. சணல் நாத்தம் கூட அடிச்சுது. எனக்குத் தெரியாதா?"

நான்கு.

"மூணு இழுப்பு வந்துதில்லீங்க? அர்த்தத்தோட?"

"வந்துது, வந்துது. ரெண்டு தரம் வந்துது. ஆனா மொதல்ல வந்தது வாங்க. மொதல்ல வந்தத மொதல்ல கவனிக்கோணுமில்ல?"

"அதுதான் மொற," என்றாள் திலகவதி மேடம், கடைசிப் பருக்கையை வழித்தபடி.

எங்கேயோ மணி ஒன்று அடித்தது. மேடம் டப்பாவை மூடினாள். பச்சமுத்து டம்ளரைக் கவிழ்த்தான். "எனக்கும் சாப்பாட்டு நேரம். மூணு மணிக்கு வந்து விட்டதையும் சேத்து அடிச்சுர்றேன்," என்றான். மேடம் ஜன்னலைச் சாத்தினாள். ஜன்னல் இருந்த இடம் பாறையாயிற்று. பொந்து இருந்த இடமும் மெல்ல மூடிக்கொண்டு வந்தது. கரும்பலகை மட்டும் கொஞ்ச நேரம் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டது.

நிற்க இடமில்லை. வாளியில் ஒரு ஆள்தான் நிற்கலாம். அதில் செங்கோடன் நின்றார்.

"மச்சான், நீங்க வாளியோட மேல போயி கிரேனச் சுத்துங்க. நான் தொத்திக்கறேன்," என்றான் அங்கப்பன்.

"வந்த காலோட திரும்பிப் போகச் சொல்றீங்களா?" செங்கோடனின் முகம் சுருங்கியது. "ஒரு தரம் கை நனைக்காமப் போனேன். ஊரே சிரிச்சுது. மறுபடியுமா?"

மூன்று. அதைச் சொல்லக் கரும்பலகை வேண்டியதில்லை. கீழே தெரிந்த சிவப்புப் புள்ளி நகர்ந்ததிலேயே தெரிந்தது.

வாளி தன் பாட்டுக்குக் கீழே இறங்கியது. அங்கப்பன் படியில் ஓடினான். இந்தத் தடவை படி நாலே நாலு. கிணற்றடியில் செங்கோடன் இறங்கி, பழத்தைப் பாறை மேல் வைத்து, பூவை அதன் மேல் வைத்து, துண்டைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தார். ஏழு துளைக்கும் நடுவில் நல்ல சமமான இடம் அது. அங்கப்பன் எட்டிப் பிடிப்பதற்குள் வாளி, "எனக்கும் ஒரு மணி வரைக்குந்தானுங்க," என்று சொல்லிவிட்டுக் கயிற்றோடு மேலே போனது. போகப் போக எலுமிச்சம்பழம் அளவு ஆயிற்று. அப்புறம் மிளகு.

அங்கப்பன் அது போவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சொல்லத் தெரிந்த வசவெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"திரி எரியுதாட்ட இருக்குது," என்றார் செங்கோடன்.

"ஆமாங்க மச்சான். அதத்தான் நான் பதினொண்ணு பத்துல இருந்து…"

"அது கெடக்குது. உக்காருங்க." செங்கோடன் ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார். "மூணு வருசமா இந்த வாய மூடிட்டு இருந்து எனக்குத் தாடையே வலி எடுத்துப் போச்சு. அன்னிக்கு என்ன நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நான் சொன்னாத்தான தெரியும்? காலைல அஞ்சு மணிக்குக் கெடாயப் புடிச்சிட்டுப் பஸ்ஸுக்கு வந்து நிக்கறேன். கண்டக்டரு என்ன சொல்றான்? ஆட்ட ஏத்த மாட்டேங்கறான்."

அங்கப்பன் பேசாமல் கிணற்றின் வாயையே பார்த்தான். உஸ்ஸ். இரண்டு.

"மாப்ளே, கேக்கறீங்களா இல்லயா?"

"ம்," என்றான் அங்கப்பன்.

உஸ்ஸ் நின்றது.

அங்கப்பன் குனிந்து பார்த்தான். திரியில் நெருப்பு இருந்தது. சிவப்பாக, சின்னதாக இருந்தது. ஆனால் நகரவில்லை.

"ஏத்த மாட்டேங்கறான். நான் கேட்டேன், ஏப்பா, ஆடு என்ன ஜன்னல் சீட்டா கேக்குது? அதுக்கு அவன் சொல்றான்…"

"ம்."

"…மேல டாப்புல கட்டிக்கங்கறான். டாப்புல கட்டுனா கெடாய் காத்துல கண்ண மூடிட்டு வருமா? எனக்குக் கோவம் வந்துருச்சு."

"ம்."

நெருப்பு அசையாமல் நின்றது. இதுதான் சமயம் என்று அங்கப்பன் மெதுவாக ஆரம்பித்தான். "மச்சான், நாம ரெண்டு பேருஞ் சேந்து ஒரே குரல்ல டீக்கடைக்காரரக் கூப்ட்டா…"

"பேசிட்டிருக்கறப்ப நடுவுல பேசாதீங்க மாப்ளே. அப்புறம் எங்க விட்டேன்னு தெரியாமப் போயிரும்."

உஸ்ஸ் என்று சீறிக்கொண்டு நெருப்பு புறப்பட்டது.

"ம்! ம்!" என்றான் அங்கப்பன். "டாப்புல கட்டச் சொன்னான்! அப்புறம்?"

ஒரு விரற்கடையில் வந்து நின்றது. அதற்கு அப்பால் பாறைதான். பாறைக்குள் ஏழு துளை.

"ஆங், டாப்பு," என்றார் செங்கோடன். திருப்தியாகக் காலை நீட்டிக்கொண்டார். "ஆனா மாப்ளே, அந்தக் கெடாய் எப்பேர்ப்பட்ட கெடாய்னு தெரியாம இந்தக் கதை உங்களுக்கு வெளங்காது. அத நான் எங்க வாங்குனேன்? மேட்டுப்பட்டில. அந்தப் பட்டிக்காரன் இருக்கறானே, அவனோட பாட்டன்ல இருந்து ஆரம்பிக்கோணும். அவங்க மொத்தம் பதினோரு பேரு. மூத்தவனச் சொல்லட்டுமா, எளையவனச் சொல்லட்டுமா?"

அங்கப்பன் நெருப்பைப் பார்த்தான். அது ஆடாமல், தலையைச் செங்கோடன் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றது.

"மூத்தவருல இருந்தே வாங்க மச்சான்," என்றான். பழத்தை உரித்தான். "ஒருத்தரையும் விட்டுராதீங்க."